பிரஜை என்றொரு சொல்



ஐக்கிய அமெரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது நியூயோர்க் நகரத்து உயர்ந்த கட்டடங்கள்தான். 2023 ஒக்டோபர் மாதக் கடைசியில் நான் போய் இறங்கியது அதே நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள ரொச்செஸ்டர் என்ற நடுத்தர நகரத்தில். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு சனத்தொகை சுமார் 2 இலட்சத்து 11 ஆயிரம் மட்டுமே.

சுற்றுலாவுக்காக நான் போகவில்லை. என் அக்காவின் மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருக்கிறாள். அவளது முதல் பிரசவத்துக்குத் துணையாக அக்காதான் போயிருக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். ஆகவே சின்னம்மாவாகிய நான் ஹட்டனில் இருந்து புறப்பட்டேன். நவம்பர் முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

அன்றிலிருந்து தினமும் ஊரில் இருந்து அம்மாவின் அழைப்பு வரும். அம்மாவுக்கு 81 வயது. குழந்தையின் நிறத்தைப் பற்றியோ முகச்சாயலைப் பற்றியோ அவர் கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"பிள்ளைக்குப் பொறப்புப் பத்திரம் வந்திருச்சா?"

"வரும் அம்மா. தபால்ல வரும்" என்பேன். அடுத்த நாளும் அதே கேள்வி.

அம்மா ஏன் இப்படிக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். மலையகத்தில் பிறந்த வாசகிகளுக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நவம்பர் நடுப்பகுதியில் ரொச்செஸ்டர் இலையுதிர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் படங்களில் பார்க்கும் அழகெல்லாம் முடிந்து, மரங்கள் வெறுங்கிளைகளோடு நின்றன. வீட்டுக்காரர்கள் இலைகளை வாரிக் கொண்டுவந்து வீதியோரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். வாசற்படிகளில் ஒக்டோபர் கடைசியில் வைத்த பூசணிக்காய்கள் பனியில் சுருங்கிப்போய்க் கிடந்தன. மாலை நான்கே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நுவரெலியாக் குளிர் பழகிய எனக்கும் அந்த ஏரிக்காற்றைத் தாங்க முடியவில்லை. "இது குளிரே இல்லை, இனித்தான் வரப்போகிறது" என்றார்கள். அங்கே ஒரு வருடத்தில் சராசரியாக 100 அங்குலம் வரை பனி கொட்டுமாம்.

நகரத்தின் நடுவே ஜெனசி ஆறு ஓடி, 96 அடி உயரத்தில் இருந்து நீர்வீழ்ச்சியாக விழுகிறது. அந்தத் தண்ணீரின் பலத்தில்தான் 19 ஆம் நூற்றாண்டில் கோதுமை மா ஆலைகள் எழுந்து நகரம் வளர்ந்தது. பின்னர் ஜோர்ஜ் ஈஸ்ட்மனின் கொடாக் நிறுவனம் வந்தது. நம்மூர் ஸ்ரூடியோக்களில் நாம் பார்த்த மஞ்சள் நிறப் பிலிம் பெட்டி இந்த ஊரில் இருந்து வந்ததுதான். 1980 களின் தொடக்கத்தில் இந்நகரப் பகுதியில் மாத்திரம் 60 ஆயிரம் பேர் கொடாக்கில் வேலை செய்தார்கள். 2012 இல் அந்த நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவரும் கொடாக்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குழந்தையைப் பார்க்க வந்தவர், நான் மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயே இருப்பதைக் கண்டு, "சனிக்கிழமை என்னோடு வாருங்கள், எங்கள் ஊரின் பெண்ணொருத்தியைக் காட்டுகிறேன்" என்றார். அந்தச் சனிக்கிழமை நவம்பர் 18. வேண்டுமென்றேதான் அந்த நாளைத் தெரிவு செய்தார் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது.

மெடிசன் வீதி 17 ஆம் இலக்கத்தில் செங்கல்லால் கட்டிய ஒரு வீடு. சூசன் பி. அந்தனி தன் சகோதரி மேரியுடன் 1866 முதல் 1906 இல் இறக்கும் வரை வாழ்ந்த வீடு அது. இன்று நூதனசாலையாக இருக்கிறது. அவரது கறுப்புப் பட்டுச் சட்டை, ஊர் ஊராகக் கொண்டு திரிந்த முதலைத்தோல் கைப்பை எல்லாம் அங்கே உள்ளன. முன்னறையில் நின்றபோது மூதாட்டி மெதுவாகச் சொன்னார்: "இந்த அறையில்தான் அவரைக் கைது செய்தார்கள். 1872 நவம்பர் 18."

அவர் செய்த குற்றம் என்ன தெரியுமா? வாக்களித்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரும்பாலான பகுதிகளில் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. ஆனால் அடிமை முறை ஒழிந்த பின்னர், 1868 இல் அந்நாட்டு அரசியலமைப்பில் 14 ஆவது திருத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. அந்நாட்டில் பிறந்தவர்களும் அந்நாட்டின் குடியுரிமை பெற்றவர்களும் அந்நாட்டின் பிரஜைகள் என்றும், பிரஜைகளின் உரிமைகளை எந்த மாநிலமும் குறைக்கக் கூடாது என்றும் அது கூறியது. சூசன் அந்தனி அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டார். பெண்ணும் ஆள்தானே? இந்த மண்ணில் பிறந்தவள்தானே? அப்படியென்றால் அவள் பிரஜை. பிரஜை என்றால் வாக்கும் உண்டு. இதுதான் அவரது வாதம்.

1872 நவம்பர் 1 ஆம் திகதி தன் மூன்று சகோதரிகளையும் அழைத்துக்கொண்டு வாக்காளர் பதிவு நடந்த இடத்துக்குப் போனார். அது ஒரு முடிதிருத்தும் கடை. தயங்கிய அலுவலர்களுக்குத் திருத்தத்தை வாசித்துக் காட்டி, வழக்குப் போடுவேன் என்றும் சொல்லிப் பெயரைப் பதிவித்தார். 5 ஆம் திகதி வாக்களித்தார். அதே வட்டாரத்தில் மேலும் 14 பெண்கள் வாக்களித்தார்கள். 18 ஆம் திகதி அதிகாரி வீட்டுக்கு வந்தார். அவராகவே அலுவலகத்துக்கு வரும்படி மரியாதையாகக் கேட்க, ஓர் ஆணை எப்படிக் கைது செய்வீர்களோ அப்படியே என்னையும் செய்யுங்கள் என்று கைகளை நீட்டினாராம்.

வழக்குக்கு முன்பு அந்த மாவட்டத்தின் 29 இடங்களுக்கும் போய், வாக்களிப்பது பிரஜைக்குக் குற்றமா என்று மக்களிடமே கேட்டார். 1873 ஜூனில் கனன்டைக்குவா என்ற பக்கத்து ஊரில் வழக்கு நடந்தது. தன் சார்பில் சாட்சி சொல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. நீதிபதி முன்கூட்டியே எழுதி வைத்திருந்த தீர்ப்பை வாசித்து, குற்றவாளி என முடிவு செய்யும்படி ஜூரிமாருக்குக் கட்டளையிட்டார். தண்டப்பணம் 100 டொலர். ஒரு சதமும் கட்டமாட்டேன் என்றார் சூசன். கடைசி வரை கட்டவே இல்லை.

இதில் இன்னுமொரு செய்தியும் உண்டு. 2020 ஓகஸ்ட்டில் அன்றைய ஜனாதிபதி ட்ரம்ப் சூசன் அந்தனிக்கு மன்னிப்பு வழங்குவதாக அறிவித்தபோது, இந்த நூதனசாலையினர் அதனை ஏற்க மறுத்தார்கள். தண்டப்பணம் கட்டியிருந்தால் அந்த வழக்கை நியாயம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், மன்னிப்பை ஏற்பதும் அப்படித்தான் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. தவறு செய்யாதவருக்கு எதற்கு மன்னிப்பு?

வீட்டுக்குப் பக்கத்தில் சிறிய பூங்கா ஒன்று உண்டு. அங்கே சூசன் அந்தனியும் பிரெடரிக் டக்ளஸும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து தேநீர் அருந்தும் வெண்கலச் சிலை இருக்கிறது. லாவோஸ் நாட்டில் பிறந்த பெப்சி கெட்டவோங் என்ற கலைஞர் 2001 இல் செய்தது. டக்ளஸ் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, 1847 முதல் இந்நகரில் பத்திரிகை நடத்தியவர். நான் வந்து இறங்கிய விமான நிலையத்துக்கும் இப்போது அவரது பெயர்தான். பெண்களின் வாக்குரிமைக்காக முதலில் குரல் கொடுத்த ஆண்களில் ஒருவர். ஆனால் 1869 இல் இந்த இரு நண்பர்களும் கடுமையாக முரண்பட்டார்கள். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தருவதற்கான திருத்தத்தில் பெண்களுக்கு இடமில்லை. எங்கள் மக்களைக் கொலை செய்கிறார்கள், எங்களால் காத்திருக்க முடியாது என்றார் டக்ளஸ். பெண்கள் மட்டும் காத்திருக்க வேண்டுமா என்றார் சூசன். அந்தக் கோபத்தில் கறுப்பின மக்களைத் தாழ்த்தும் வார்த்தைகளும் அவரது வாயில் இருந்து வந்தன. அதை மறைத்து அவரைத் தெய்வமாக்கத் தேவையில்லை. பின்னர் இருவரும் நட்பைப் புதுப்பித்துக்கொண்டார்கள். யாருக்கு முதலில், யார் பொறுத்திருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே, ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள் என்பதை அந்தத் தேநீர் மேசைக்கு முன்னால் நின்று யோசித்தேன்.

பிறகு மவுண்ட் ஹோப் மயானத்துக்குப் போனோம். 1838 இல் திறக்கப்பட்ட பழைய மயானம். டக்ளஸும் சூசனும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சூசனின் கல் மிகவும் சிறியது. பெயரும் பிறந்த இறந்த திகதிகளும் மட்டுமே. அமெரிக்காவில் விரலில் மை பூசுவதில்லை. வாக்களித்தவர்களுக்குப் பல இடங்களில் ஒரு ஸ்ரிக்கர் கொடுக்கிறார்கள். ரொச்செஸ்டர்ப் பெண்கள் அதைக் கொண்டுவந்து இந்தக் கல்லில் ஒட்டுவார்கள். 2016 தேர்தலன்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்களாம். பசையால் கல் பழுதாகிவிடாமல் இருக்க 2020 இல் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் உறை போட்டார்கள். நாங்கள் போனபோது கல்லைச் சுற்றி ஈர இலைகள் மாத்திரமே. மூதாட்டி குனிந்து அவற்றைக் கையால் ஒதுக்கினார்.

"இவர் 1906 இல் இறந்தார். நியூயோர்க் பெண்களுக்கு 1917 இல் வாக்குக் கிடைத்தது. நாடு முழுவதற்கும் 1920 இல். இவர் கண்ணால் காணவில்லை" என்றவர், "உங்கள் நாட்டில் எப்போது?" என்று கேட்டார்.

"1931 இல்" என்றேன். அவருக்கு ஆச்சரியம். "எங்களுக்கு 11 வருடம் பின்னால்தானா!" என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்து, டொனமூர் ஆணைக்குழுவின் முன் அக்னஸ் டி சில்வா முதலானோர் கேட்டுப் பெற்ற உரிமை அல்லவா? ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்ள மனம் இடம் தரவில்லை. மீதியையும் சொன்னேன்.

என் அம்மம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்தவர். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பத்திரம் எங்கே? தாய் இங்கே பிறந்தவள் என்றால் அதற்குக் கணக்கில்லை. அதற்கடுத்த ஆண்டே வாக்கும் போனது. 1952 தேர்தலில் அம்மம்மாவின் பெயர் இடாப்பில் இல்லை. 1979 இல் எந்த நாட்டுப் பிரஜையும் அல்லாமலே கண்ணை மூடினார். 1942 இல் இதே மண்ணில் பிறந்த என் அம்மா, 1964 ஒப்பந்தத்திலும் இங்கும் இல்லை அங்கும் இல்லை என்று விடப்பட்டு, 1988 சட்டத்தின் பிறகே பிரஜையானார். 1994 இல் முதன்முதலாக வாக்களித்தபோது அவருக்கு வயது 52. அந்த மை அழியும் வரை அந்த விரலைக் கறியில் படாமல் தூக்கிப் பிடித்துச் சமைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நாங்கள் சிரித்தோம். பிரஜாவுரிமையைத் தாய்வழியிலும் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று நமது சட்டம் மாறியது 2003 இல்தான்.

மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டில் இருக்கும் அந்தக் குழந்தை பிறந்த நிமிடத்திலேயே பிரஜை" என்றார்.

ஆம், சூசன் அந்தனி வாசித்துக் காட்டிய அதே 14 ஆவது திருத்தத்தினால். அவருக்கு அந்தத் திருத்தம் இருந்தும் வாக்கில்லை. என் அம்மாவுக்கு இரண்டுமே இருக்கவில்லை. எங்கள் சின்னக்குட்டி ஒன்றும் செய்யாமலே இரண்டுக்கும் உரியவளாக வந்து பிறந்திருக்கிறாள். ஆனால் இதுவும் அசையாத பாறை அல்ல. 2025 ஜனவரியில் அங்கே பிறப்பினால் வரும் குடியுரிமையை மட்டுப்படுத்த ஜனாதிபதி ஆணை ஒன்று வெளியாகி, நீதிமன்றம் வரை போனது. கிடைத்துவிட்டது என்று நாம் நினைக்கும் உரிமைகளுக்கும் காவல் தேவை. என் அம்மம்மா 1947 இல் வாக்களித்துவிட்டு வரும்போது, அதுவே கடைசி என்று நினைத்திருப்பாரா?

டிசம்பர் முதல் வாரத்தில், முதற்பனி கொட்டிய ஒரு காலையில், தபாலில் பத்திரம் வந்தது. உடனே அம்மாவை அழைத்தோம். "வாசிச்சுக் காட்டு" என்றார். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், தாயின் பெயர் எல்லாவற்றையும் மகள் வாசித்தாள். "தாய் பேரும் போட்டிருக்கா?" என்று மறுபடியும் கேட்டார். போட்டிருக்கிறது என்றோம்.

"சரி. தண்ணி படாம பொட்டியில வச்சுப் பூட்டு. இப்ப பிள்ளை மொகத்தக் காட்டு, பாப்போம்" என்றார்.

வாசகிகளே, நமது வாக்காளர் இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுகிறது. உங்கள் பெயரும், 18 வயதைத் தொடும் உங்கள் மகளின் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்தி வையுங்கள். தேர்தல் வரட்டும் பார்ப்போம் என்று இருந்துவிட வேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.