மரை வெட்டும் கணினியும் ஒற்றைத் துடிப்பும்

கணினி பூட்டிய சிறு கடைசல் எந்திரங்கள், பட்டறை வழக்கில் சொன்னால் லேத்துகள், இன்று பொழுதுபோக்காளர் பலரின் வீட்டுக் கொட்டகைக்குள் வந்துவிட்டன. அவற்றை வாங்கியோர் இன்றில்லாவிடினும் நாளை மரை வெட்ட விழைவர். அவ்வமயம் அவர்களுக்கு வழங்கப்படும் ஓர் அறிவுரையோடுதான் நமக்கு வழக்கு. ‘சுழல்தண்டில் ஒரு காந்தத்தை ஒட்டுங்கள், சுற்றுக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும்’ என்பது அது. மலிவானது, கேட்க இனியது. ஆனால் மரை வெட்டுதலின் உயிர்நிலையையே அது விட்டுவிடுகிறது என்பது நம் துணிபு.

சற்றே பிசகியவரை ‘மரை கழன்றவர்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு மரை எது என விளக்க வேண்டியதில்லை. அது பிறக்கும் விதத்தை எண்ணிப் பார்த்தோர் சிலரே. வேலைப்பொருள் ஒரு சுற்றுச் சுழலும்போது வெட்டுளி அதன் நீளவாக்கில் ஒரு குறித்த தூரம் நகர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அத்தூரத்தைப் பாடநூல் புரியிடைத் தூரம் என்கிறது. பட்டறைக்காரர் பிட்ச் என்கின்றனர். இதனினும் கடியது இரண்டாம் விதி. 1.5 மி.மீ. பிட்ச் கொண்ட வெளிமரையின் ஆழம் ஏறத்தாழ 0.92 மி.மீ. சிறிய எந்திரம் அதை ஒரே மூச்சில் வெட்டாது. பத்துப் பதினைந்து ஓட்டங்களில் சிறுகச் சிறுகத்தான் எடுக்கும். ஒவ்வோர் ஓட்டத்திலும் உளிமுனை முதலில் விழுந்த அதே பள்ளத்தில் விழுந்தாக வேண்டும். மயிரிழை விலகினாலும் முன்பு வெட்டிய சரிவை அது தின்றுவிடும்.

1800ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய மரை வெட்டும் லேத்து, இவ்விரு விதிகளையும் பல்சக்கரங்களால் நிறைவேற்றியது. சுழல்தண்டையும், உளி அமர்ந்த கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகையும் பல்சக்கரங்கள் பிணைத்தன. தண்டு தயங்கினால் திருகும் தயங்கும். தண்டு நின்றால் திருகும் நிற்கும். மோட்டாரை அணைத்துவிட்டுச் சக்கைக் கையால் சுழற்றினாலும் மரை பிழையாகாது. சங்கடமும் இல்லாமல் இல்லை. அங்குலத் திருகு பூட்டிய எந்திரத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று வேண்டும். ஐந்து அங்குலம் என்பது 127 மி.மீ.; 127 பகா எண்ணாதலால் வேறு சிறு சக்கரங்களைக் கோத்து அதைச் சரியாக ஈடுசெய்ய இயலாது. இத்தொல்லையைக் கணினி அடியோடு நீக்கிவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குப் பிட்ச் வெறும் எண்.

ஆயின் பல்சக்கரங்களைக் கழற்றியபோது அந்தப் பிணைப்பும் கழன்றுபோயிற்று. இப்போது தண்டைச் சுழற்ற ஒரு மோட்டார், உளியை நகர்த்த வேறொரு மோட்டார். இரண்டுக்கும் நடுவே இருப்பது செய்தி மட்டுமே. தண்டு நிமிடத்துக்கு 500 சுற்று, பிட்ச் 1.5 மி.மீ. என்றால், உளி நிமிடத்துக்கு 750 மி.மீ. நகர வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் உளி உலோகத்தில் பாய்ந்த நொடியில் சிறு லேத்தின் மோட்டார் திணறும். 500 என்பது 490 ஆகும். சுற்றுக்கு ஒரு துடிப்பு மட்டும் பெறும் கணினிக்கு இடைப்பட்ட 360 பாகையில் நிகழ்வது தெரியாது. வெட்டத் தொடங்குமுன் அளந்த வேகத்தையே இறுதிவரை நம்பும் அமைப்பில் உளி பழைய வேகத்திலேயே போகும். இரண்டே விழுக்காட்டுத் தளர்ச்சி, 20 மி.மீ. நீள மரையில் 0.4 மி.மீ. பிழையாகத் திரளும்.

பிழை எல்லா ஓட்டங்களிலும் ஒன்றுபோல் இருந்தாலாவது சகித்துக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. ஆழமான ஓட்டத்தில் தளர்ச்சி மிகும், மெல்லிய ஓட்டத்தில் குறையும். ஆகவே ஓட்டத்துக்கு ஓட்டம் பள்ளத்தின் போக்கு மாறி, சரிவுகள் அரிக்கப்படுகின்றன. பார்வைக்கு மரை பளபளவென்றுதான் இருக்கும். நட்டைப் போட்டுத் திருகும்போதே குட்டு வெளிப்படும்.

‘மெதுவாக வெட்டுங்கள், வலிய மோட்டாரைப் பூட்டுங்கள்’ என்பார் உண்டு. பித்தளையில் நான்கைந்து புரி வெட்டுவோர்க்கு அது போதும். ஆனால் பொழுதுபோக்காளர் மரை வெட்ட முனைவதே கடையில் டை கிடைக்காத மரைகளுக்காகத்தானே? தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தும் வளையத்தை எடுத்துக்கொள்வோம். டி2 எனப்படும் அதன் மரைக்கு விட்டம் 42 மி.மீ., பிட்ச் 0.75 மி.மீ. பழைய பென்டாக்ஸ் லென்சுகளின் மரையும் 42 மி.மீ.தான், பிட்ச் 1 மி.மீ. ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதலில் ஏறுவதுபோல் ஏறி, பின்னர் இறுகிக்கொள்ளும். அத்துணை நுண்ணிய மரையில் 5 மி.மீ. நீளத்துக்கு 0.1 மி.மீ. பிட்ச் பிழை நேர்ந்தால், வளையம் ஏறுவதற்கு மரையின் விட்டத்தை 0.17 மி.மீ. அளவு மேலும் குறைக்க வேண்டும். 60 பாகை மரையின் வடிவியல் அப்படி. குறைத்தால் ஏறும், ஆனால் எல்லாப் புரிகளும் சுமை தாங்கா, ஓரத்தில் ஓரிரண்டே தாங்கும். விலையுயர்ந்த கேமரா அவற்றில் தொங்கும்.

எனவே நம் பரிந்துரை, திரைக்கும் அழகிய பெட்டிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சுழல்தண்டின் என்கோடருக்கு ஒதுக்குக என்பதே. 100 கீற்றுகள் கொண்ட தட்டும், சற்றே விலகி அமைந்த இரு உணரிகளும் சுற்றுக்கு 400 எண்ணிக்கை தரும். தொடக்கப் புள்ளியைக் காட்ட மூன்றாவது உணரி ஒன்று. 1.5 மி.மீ. பிட்சில் ஓர் எண்ணிக்கை 0.004 மி.மீ.க்கும் குறைவு. தண்டு தளர்ந்தால் உளியும் உடன் தளரும். மாட்ஸ்லேயின் பல்சக்கரம் எண்வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. அமெரிக்க அரசின் தர நிறுவனமொன்றில் 1990களில் முளைத்து, பின்னர் லினக்ஸ்சிஎன்சி எனப் பெயர் பெற்ற இலவச மென்பொருள் இவ்வாறுதான் மரை வெட்டுகிறது. அதன் ஜி76 கட்டளையில் ஓட்டந்தோறும் நீக்கப்படும் உலோகத்தின் அளவு ஒன்றாக இருக்கும்படி ஆழத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் வழியுண்டு. உளி முடுக்கம் பெற்று இசைவுக்கு வரச் சிறிது தூரம் வேண்டும். ஆதலால் வேலைப்பொருளின் முகப்புக்குச் சில மில்லிமீட்டர் முன்னரே புறப்படும்படி நிரல் எழுதுக.

என்கோடரும் காக்க முடியாத ஓரிடம் உண்டு. நட்டு ஏறுகிறதா என்று பார்க்க வேலைப்பொருளைச் சக்கிலிருந்து கழற்றாதீர்கள். தண்டின் கோணம்தான் கணினிக்குத் தெரியும். சக்கின் தாடைகளுக்குள் பொருள் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது தெரியாது. சக்கில் இருக்கும்போதே, மோட்டாரை நிறுத்திவிட்டு, நட்டைக் கொண்டுபோய்த் திருகிப் பாருங்கள்.