ஒட்டினா போதுமா அண்ணே?

"இரும்பு இரும்புதான் சார், ஒட்டாம எங்க போவும்?" லாரிப் பட்டறைகள்ல அடிக்கடி காதுல விழுற வசனம் இது. இதைவிட ஆபத்தான பொய் அந்தத் தொழில்ல கிடையாதுங்கறது என் கட்சி. ஒட்டும், சத்தியமா ஒட்டும். எத்தனை நாளைக்குங்கறதுதான் கேள்வி.

கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடற மைல்ட் ஸ்டீல்ல கார்பன் 0.25 சதவீதத்துக்குள்ளதான். லாரி ஸ்பிரிங் பட்டையில 0.5, 0.6 வரைக்கும் இருக்கும். நம்பர் சின்னது, ஆனா குணமே வேற. பழைய பட்டையை வாங்கி அருவா அடிக்கிற கொல்லரைக் கேளுங்க. பழுக்கக் காய்ச்சித் துவைச்சல் போட்டா அது கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துறார்.

வெல்டிங்ல நடக்கறதும் அதே துவைச்சல்தான். உருகின இடத்துச் சூட்டைப் பக்கத்துல இருக்கற பச்சை இரும்பு சட்டுனு உறிஞ்சிடும், தண்ணியே தேவையில்ல. பதப்படுத்தத்தான் ஆளில்ல. இதுல ஈரம் குடிச்ச 6013 ராடைப் போட்டா ஹைட்ரஜனும் உள்ள போய் உட்கார்ந்துக்கும். விரிசல் அன்னிக்கே வரணும்னு இல்ல, ரெண்டு நாள் கழிச்சும் வரும். வெல்டிங் அழகா அப்படியே இருக்க, அதுக்குப் பக்கத்துல படக்குனு உடையும்.

"அதுக்குன்னு லேபுக்கா போக முடியும்?"னு கேப்பாங்க. வேணாம் சாமி, கிரைண்டர் கையிலயே இருக்கே! தெரிஞ்ச மைல்ட் ஸ்டீல் துண்டையும் சந்தேகப் பீஸையும் அடுத்தடுத்து வச்சுத் தேய்ங்க. மைல்ட் ஸ்டீல் நீளக் கோடாப் பொறி விடும். கார்பன் கூடினது மத்தாப்பு மாதிரி நட்சத்திரமா வெடிக்கும். வார்ப்பிரும்புன்னா பொறி சிவப்பா, குட்டையா வரும். அரம் கடிக்காம வழுக்குதா? ஏற்கெனவே கெட்டிப்படுத்தின சாமான். இந்தச் சோதனை முழு ஜாதகத்தையும் சொல்லாது, "நில்லு"ன்னு சொல்லும். அது போதும்.

சாதாரண பிராக்கெட்டுன்னா முன்னாடியே சூடு பண்ணி, காயவச்ச 7018 ராடு போட்டு, மெதுவா ஆறவிடலாம். ஸ்டீயரிங் ஆர்ம், ஆக்சில், ஸ்பிரிங் பட்டைன்னா பத்தவைக்கவே கூடாது. மாத்தணும், அவ்வளவுதான்.

பட்டறைக்காரரை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? "புதுசெல்லாம் வேணாம், ஒட்டிக் குடு"ன்னு பேரம் பேசறவர் வண்டி ஓனர். அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கப்போறவர் டிரைவர். எதிர்ல, முன்னாடி புள்ளைய உட்கார வச்சுக்கிட்டு டூவீலர்ல வர்றது யாரோ. மிச்சம் பிடிக்கிறது ஒருத்தர், விலை குடுக்கிறது இன்னொருத்தர். இதுக்குப் பேர் சிக்கனமா?