தெரியவில்லை என்று எழுதுங்கள்

சோதனைச்சாலையில் ஒரு பரிசோதனை செய்கிறீர்கள். எதிர்பார்த்த விடை வரவில்லை. உடனே என்ன செய்கிறீர்கள்? பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்துச் 'சரியான' எண்ணை எழுதிவிடுகிறீர்கள் அல்லவா? அதனால் நேரும் இழப்பு பெரிது. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நீலச் சுடரில் சமையல் உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் தரும் நிறம் அது. அவ்வொளியை நிறமாலைமானியால் பார்த்தால் மிக நெருக்கமாக இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். சுடரைக் காந்தத் துருவங்களுக்கு நடுவே வைத்தால் இக்கோடுகள் மாறுமா? 1862-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே இதைச் சோதித்தார். அப்போது அவருக்கு வயது 70. எந்த மாற்றமும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

34 ஆண்டுகள் சென்றன. ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் பீட்டர் ஸீமன் என்னும் இளம் விஞ்ஞானி இச்செய்தியைப் படித்திருந்தார். ஃபாரடேக்கே தோன்றிய கேள்வி என்றால், இன்னும் நுட்பமான கருவியால் மீண்டும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை என்று எண்ணினார். ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய 15,000 கோடுகள் கீறப்பட்ட கீற்றணி அவரிடம் இருந்தது. 1896-இல் மின்காந்தத்தை இயக்கினார். மஞ்சள் கோடுகள் அகன்றன. நிறுத்தினார், பழையபடி மெலிந்தன!

அணுவுக்குள் அதிரும் மின்னூட்டத் துகள்களே ஒளியைத் தருகின்றன, காந்தப் புலம் அவ்வதிர்வை மாற்றுகிறது என்று லோரென்ட்ஸ் விளக்கினார். அத்துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதமும் கணக்கிடப்பட்டது. 1897-இல் தாம்சன் ஆராய்ந்த எலெக்ட்ரானோடு அது ஒத்துப்போயிற்று. 1902-இல் ஸீமனும் லோரென்ட்ஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கதை இத்துடன் முடியவில்லை. லோரென்ட்ஸின் கணக்குப்படி ஒவ்வொரு கோடும் மூன்றாகப் பிரிய வேண்டும். சோடியத்தின் ஒரு கோடோ நான்காகவும், மற்றது ஆறாகவும் பிரிந்தன! கணக்குக்கு ஒத்துவராத இந்த எண்களை எவரும் அழித்துத் திருத்தவில்லை. 1925-இல் எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்னும் பண்பு உண்டு என்ற கருத்து பிறந்தபோதுதான் புதிர் அவிழ்ந்தது. இதற்கிடையில், 1908-இல் ஹேல் சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் இதே பிளவைக் கண்டு, அங்கே வலிய காந்தப் புலம் உண்டென்று அறிந்தார். 1913-இல் ஸ்டார்க், மின் புலமும் ஹைட்ரஜன் கோடுகளைப் பிரிக்கும் என்று காட்டினார்.

எண்ணிப் பாருங்கள். ஃபாரடே தம் தோல்வியை மறைத்திருந்தால் ஸீமனுக்கு அந்தத் தூண்டுதல் கிடைத்திருக்குமா? நான்கையும் ஆறையும் யாரேனும் மூன்றாக்கியிருந்தால் புதிர் என ஒன்று மிஞ்சியிருக்குமா?

"மதிப்பெண் குறையுமே!" என்பீர்கள். நியாயமான அச்சம்தான். ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே: நேர்மையாக எழுதிய தவறான எண்ணுக்கும், அது ஏன் வந்தது என்று ஆராயும் மாணவனுக்கும் மதிப்பெண் கொடுங்கள். மாணவர்களே, நீங்கள் கண்டதை எழுதுங்கள். கருவி போதாமல் இருக்கலாம், கை நடுங்கியிருக்கலாம், அல்லது இயற்கையே புதிதாக ஏதோ சொல்லியிருக்கலாம். எதுவாயினும் அழித்துவிட்டால் அதை அறிய வழியில்லை.