கதிர்வீச்சு உணவு: பீதியும் வேண்டாம், மறைப்பும் வேண்டாம்!



'அணுக்கதிர் பாய்ச்சிய மாம்பழம்' என்று சொன்னால் போதும், வாங்க வந்தவர் பத்தடி தள்ளி நிற்பார். மாவும் புளியும் விளையும் தர்மபுரி மாவட்டத்தில் வியாபாரம் செய்யும் நாம் இதை வதந்தியாக அல்ல, விவரமாக அறிந்திருக்க வேண்டும்.

கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்கள் பொருளின் ஊடே பாய்ந்து சென்று விடுகின்றன. வெங்காயம் முளைவிடாது; மாங்கொட்டை வண்டு பெருகாது; மசாலாவில் கிருமிகள் சாகும். எக்ஸ்ரே எடுத்தவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை, உணவிலும் அப்படித்தான்.

பிறகு அச்சம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டிலிருந்தும்தான்! கதிர் பாய்ச்சிய கோதுமையைச் சேமித்து வைக்காமல் உடனே உண்ட குழந்தைகளின் இரத்த அணுக்களில் மாற்றம் கண்டதாக, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1975-ல் எழுதினார்கள். சோதிக்கப்பட்டவர்கள் சத்தின்றி மெலிந்த குழந்தைகள். ஒரு பிரிவுக்கு 5 பேர் மட்டுமே! அரசு நியமித்த சுகாத்மே, கேசவன் குழு அந்த முடிவுக்குப் போதிய ஆதாரமில்லை என்றது. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் இடம்பெற்ற கூட்டு நிபுணர் குழு 10 கிலோகிரே வரை பாதுகாப்பானது என்று அறிவித்தது. மாம்பழத்துக்குக் கொடுப்பதோ 1 கிலோகிரேயிலும் குறைவு.

1994-ல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாவுக்கும், 1998-ல் மாம்பழத்துக்கும் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2007-ல் மகாராஷ்டிரத்தின் லாசல்கானில் கதிர் பாய்ச்சிய மாம்பழங்கள் அமெரிக்கா சென்றன.

அப்படியானால் கேள்வியே இல்லையா? இருக்கிறது! சில வைட்டமின்கள் ஓரளவு குறைகின்றன. அழுகிப்போன சரக்கைக் கதிர் நல்லதாக்கி விடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்பவருக்குத் தெரிய வேண்டும். பச்சைச் சின்னமும் கதிர் பாய்ச்சிய தேதியும் பொட்டலத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும்போது அந்தச் சின்னம் சாக்கோடு போய்விடுகிறதே! வாங்குபவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். கதிருக்கு அஞ்சும் நாம், கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்துக்கு அஞ்சுகிறோமா? ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்புள்ள அந்தக் கல்லுக்குச் சட்டத்தில் தடை உண்டு. அளவோடு எத்திலீன் வாயு பயன்படுத்த அனுமதியும் உண்டு. ஆனாலும் கல் ஒழிந்தபாடில்லை!

வியாபாரிகளே! சின்னமுள்ள சரக்கைச் சொல்லி விற்பனை செய்யுங்கள்; கல்லை மண்டிக்குள் நுழைய விடாதீர்கள். இளைஞர்களே! கடையில் கேள்வி கேளுங்கள். கேட்டறியாத செய்தியைப் பரப்பாதீர்கள். வாங்குபவரின் நம்பிக்கை போய்விட்டால், பிறகு எந்தக் கதிரும் நம் வியாபாரத்தைக் காப்பாற்றாது!