சர்வர் டவுன் என்கிற பொய்

ஆணி ஜாஸ்தி. அதனால்தான் இந்தப் பக்கம் வந்து மாதக்கணக்காகிறது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு மூதாட்டி. ஒரு விதத்தில் இது என்னுடைய பாவமன்னிப்பும் கூட.

நான் படித்தது பி.காம். கணினிக்கும் எனக்கும் உள்ள உறவு, மாமியார் வீட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள உறவு மாதிரி. மரியாதை உண்டு, உரிமை கிடையாது. இருந்தாலும் ஜபல்பூர் வட்டார அலுவலகத்தில் "நீங்க மதராஸி, உங்களுக்கு கம்ப்யூட்டர் வரும்" என்று சொல்லி அந்த மேஜையை என் தலையில் கட்டிவிட்டார்கள். விருதுநகர் பக்கத்து ஆள் நான். மறுத்துச் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒன்று சொன்னது. இந்திய வங்கிகள் எல்லாம் தங்கள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு மாற்ற வேண்டும். கடைசி நாள் 2025 அக்டோபர் 31. அந்தப் பெயரை ஐதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி மட்டும்தான் கொடுக்கும், அதுவும் வங்கிகளுக்கு மட்டும்தான். போலித் தளம் வைத்து ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க நல்ல ஏற்பாடு. இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

எங்கள் வங்கி இதோடு சேர்த்து, கிளைகள் உள்ளுக்குள் பயன்படுத்தும் ஒரு செயலியையும் புது சர்வருக்கும் புதுப் பெயருக்கும் மாற்றியது. பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்றிதழைப் பதிவதும் அதில்தான். நவம்பர் மாதம் அந்தச் சான்றிதழ் சீசன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நவம்பர் 3, திங்கட்கிழமை. ஊரிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு சின்னக் கிளையில் மட்டும் செயலி திறக்கவில்லை. மற்ற கிளைகளில் எல்லாம் ஓடுகிறது. தொலைபேசியில் உதவி மையம், "கேஷைத் துடையுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றது. லைன்காரர் வந்து பார்த்து, "லைன் ஓகே" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கவுண்டரில் நம் ஆட்கள் வழக்கமான மந்திரத்தைச் சொன்னார்கள்: "சர்வர் டவுன் ஹை, கல் ஆயியே."

ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி ஒருவர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குடும்ப பென்ஷன் வாங்குகிறவர். விரல் ரேகை தேய்ந்துவிட்டது, ஸ்மார்ட்போன் கிடையாது, அதனால் ஜீவன் பிரமாண் வழியும் அவருக்கு அடைத்துவிட்டது. திங்கட்கிழமை பஸ் ஏறி வந்து திரும்பினார். வியாழக்கிழமை மறுபடி வந்தார். மறுபடி அதே மந்திரம். "பேட்டா, நான் உயிரோடதான் இருக்கேன். உன் சர்வர்தான் செத்துப்போச்சு போல" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கிளை மேலாளர் சிரித்துக்கொண்டே இதை எனக்கு போனில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்து நானே போனேன்.

போய்ப் பார்த்தால் சர்வர் டவுனே இல்லை. புதுப் பெயரை அடித்தால் முதல் பக்கம் ஜோராக வருகிறது. கடவுச்சொல் கொடுத்ததும் சுற்றிக்கொண்டே நின்றுவிடுகிறது. மேலே முகவரிப் பட்டையைப் பார்த்தேன். அங்கே பழைய பெயர்! உள்ளே நுழைந்ததும் செயலி நம்மைப் பழைய பெயருக்குத் துரத்துகிறது.

டேட்டா சென்டரில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டேன். நம்ம திருநெல்வேலிக்காரர்தான்.

"சார், அமைப்புக் கோப்புல ஒரு இடத்துல பழைய பேரு அப்படியே நின்னுருச்சு. ஆனா அதனால பிரச்சினை வராது சார். டிஎன்எஸ்ல பழைய பேருக்கும் புது சர்வர் விலாசத்தைத்தான் குடுத்து வச்சிருக்கோம். எனக்கு இங்க நல்லா ஓடுதே."

"தம்பி, உங்களுக்கு ஓடுது. இங்க ஓடலையே."

"அப்ப என்எஸ்லுக்அப் போட்டுப் பாருங்க, அப்புறம் பிங் போட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே விலாசம் சொல்லுதான்னு சொல்லுங்க சார்."

முதலாவது புது விலாசத்தைச் சொன்னது. பிங் பழைய விலாசத்தைச் சொன்னது. முதலாவது நேரே டிஎன்எஸ்ஸைக் கேட்கும். பிங் அப்படி இல்லை, கணினிக்குள் இருக்கும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் எழுதி வைத்திருப்பதையும் மதிக்கும். உலாவியும் அப்படித்தான். அந்தக் கோப்பைத் திறந்தேன். பழைய பெயர், அதற்கு நேரே அணைத்துவிட்ட பழைய சர்வரின் ஐபி எண், பக்கத்தில் 'டெம்ப்' என்று ஒரு குறிப்பு. மூன்று கணினியிலும் அதே வரி.

எழுதிய ஆள் நான்தான்.

2021 மார்ச் 31. நான் அப்போது அதே கிளையில் அதிகாரி. வருடக் கணக்கு முடிக்கிற இரவு, பெயர் பிடிபடவில்லை. யாரோ போனில் எண்ணைச் சொன்னார்கள், மூன்று கணினியிலும் ஏற்றினேன், வேலை முடிந்தது. மறுநாள் மேலாளர் எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். டிஎன்எஸ் சரியான பிறகு அந்த வரியை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலரை வருடம் அது அங்கேயே உட்கார்ந்திருந்து ஒரு கிழவியை இரண்டு தடவை பஸ் ஏற்றிவிட்டது.

ஒரு காலத்தில் வலையமைப்பு முழுவதற்கும் பெயர்ப் பட்டியல் ஒரே கோப்பாகத்தான் இருந்ததாம். அதை எல்லோரும் நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகாமல்தான் 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். நான் 2021-ல் செய்தது 1983-க்கு முந்தைய வேலை :-)

இனி என் கருத்து.

முதலாவது, வங்கிக்காரனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம். கணக்கு எங்கே போகும் என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸில் போடுவோம். ஆனால் சும்மா போட முடியாது. தேதி வேண்டும், போட்டவர் யார் என்று வேண்டும், அது கழியும் வரை தணிக்கையாளர் விடமாட்டார். கணினியில் செய்கிற ஒவ்வொரு தற்காலிக ஒட்டும் ஒரு சஸ்பென்ஸ் என்ட்ரிதான். அதற்கு மட்டும் ஏன் பதிவேடு இல்லை? ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கு இரவு பத்து மணி வரை உட்காருகிற நாம், இதை மட்டும் ஏன் 'டெம்ப்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்?

இரண்டாவது, தம்பியின் "எனக்கு ஓடுதே". புதிதாக ஒன்றை ஏற்றினால் அதைச் சோதிக்க வேண்டிய இடம் டேட்டா சென்டர் இல்லை. கடைக்கோடிக் கிளையின் பழைய கணினி. அங்கே ஓடினால்தான் ஓடியதாக அர்த்தம். அந்தப் பழைய பெயர் எல்லாக் கிளைகளிலும்தான் இருந்தது, டிஎன்எஸ் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கிளையில் தெரியாமல் இருந்திருந்தால், பழைய பெயரை எடுத்துவிடுகிற அன்றைக்கு எல்லாக் கிளையும் சேர்ந்து படுத்திருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். 'சர்வர் டவுன்' என்ற வார்த்தையையே கவுண்டரில் தடை செய்ய வேண்டும். பெயரே தெரியவில்லை என்றால் முகவரிப் புத்தகத்தில் கோளாறு. இணைப்பை மறுத்தால் வீடு இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. பதிலே வரவில்லை என்றால் தப்பான வீடாக இருக்கலாம், அல்லது வழியில் காவல்காரர் மறித்திருக்கலாம். 404 என்றால் கட்டடத்துக்குள் வந்துவிட்டோம், நாம் தேடுகிற சீட் அங்கே இல்லை. சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் பெயர்ப்பலகை பொருந்தவில்லை. திரையில் வந்ததை அப்படியே படித்து உதவி மையத்துக்குச் சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே கண்டுபிடித்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்ததால் நாலு நாள் யாரும் எதையும் பார்க்கவில்லை.

"காகிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு ஏற்றியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். தாராளமாகச் செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. சர்வர் டவுன் என்று சொன்ன அந்த நொடியில் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அந்த வார்த்தையின் சௌகரியமே அதுதான்.

மூன்று கணினியிலும் அந்த வரியை அழித்தேன். தம்பி அன்றைக்கு மாலையே அமைப்புக் கோப்பைத் திருத்திவிட்டார். கிளைப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கே போய், படிவத்தில் கையெழுத்து வாங்கிவந்து ஏற்றினோம். டீ கொடுத்தார். "சர்வர் பிழைச்சுதா?" என்று கேட்டார். பிழைத்தது என்றேன். அதைக் கொன்றவன் நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் இங்கே சொல்லிவிட்டேன்.

டிஸ்கி: உங்கள் அலுவலகக் கணினியிலும் ஒரு 'டெம்ப்' இருக்கும். தேடிப் பாருங்கள். எழுதியவர் யார் என்று தெரிந்தால் திட்டாதீர்கள், நீங்களாகவே இருக்கலாம்.