அப்டேட் கெடுத்த போனுக்கு யார் பொறுப்பு? மன்னார் பாவனையாளரின் கோரிக்கை மனு

பெறுநர்: தலைவர், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை; பணிப்பாளர் நாயகம், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு
பிரதி: மாவட்டச் செயலாளர், மன்னார்
விடயம்: உத்தரவாதக் காலம் முடிந்தபின் மென்பொருள் அப்டேட்டால் பழுதாகும் கைத்தொலைபேசிகள்

தலைமன்னார் முதல் அரிப்பு வரையான கரையில் கடற்றொழிலாளியின் போன் பொலித்தீன் பைக்குள் சுற்றப்பட்டுக் கடலுக்குப் போகிறது. காற்று எப்படி, வலை விட்ட இடம் எது, எல்லைக் கோடு எவ்வளவு தூரம், கரையில் மீன் என்ன விலை, எல்லாம் அதற்குள்தான். இரவில் தானாகவே ஓர் அப்டேட்டை ஏற்றிக்கொண்ட போன், விடியும்போது நிறுவனச் சின்னத்தைக் காட்டியபடி அசையாமல் நின்றால் அன்றைய தொழில் குழம்பும். திருத்தக் கொண்டுபோனால் முதலில் சிம் தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறு வெள்ளை ஒட்டியைப் பார்ப்பார்கள். சிவந்திருந்தால் ‘தண்ணி பட்டிட்டுது’. வெள்ளையாகவே இருந்தால் ‘வாரன்டி முடிஞ்சுது’.

இந்த இரண்டாவது பதிலைத்தான் இம்மனுவைத் தரும் பாவனையாளர் சங்கம் ஏற்க மறுக்கிறது. போன் விழுந்து உடைந்தாலோ உப்புத்தண்ணீர் ஏறினாலோ செலவு பாவனையாளருடையது, அதில் வாதமில்லை. நிறுவனமே அனுப்பிய மென்பொருள் கெடுத்த போனுக்கு, வாங்கிய திகதியைப் பார்த்துப் பொறுப்பைக் கழற்றிவிடுவது நியாயமாகாது.

இது மன்னாரில் மட்டும் எழும் குரலும் அல்ல. 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு சாம்சுங்குக்கு 50 இலட்சம் யூரோவும் அப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் அபராதம் விதித்தது. 2014இல் வந்த கெலக்சி நோட் 4 போனுக்கு, அது தாங்க முடியாத புதிய அண்ட்ராய்ட் பதிப்பை ஏற்றும்படி பாவனையாளரைச் சாம்சுங் வற்புறுத்தியது என்பது ஒரு குற்றச்சாட்டு. அதனால் வந்த கோளாறைத் திருத்த, வாரன்டி முடிந்தவர்களிடம் பெருந்தொகை கேட்டது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மன்னார் பேசாலைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த முறைப்பாடு போலவே அது இருக்கிறது.

அவுஸ்திரேலிய வழக்கு மன்னாருக்கு இன்னும் நெருக்கமானது. வெளிக்கடையில் திருத்திய ஐபோன்கள், மென்பொருளைப் புதுப்பித்தவுடன் ‘பிழை 53’ என்று காட்டிச் செயலிழந்தன. வேறு இடத்தில் கைவைத்த போனுக்கு இலவசத் தீர்வு இல்லை என்று 2015, 2016 காலத்தில் குறைந்தது 275 பேரிடம் அப்பிள் சொன்னது. நுகர்வோர் ஆணைக்குழு வழக்குப் போட்டது; 2018 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. வெளிக்கடையில் திரை மாற்றியதை மட்டும் காட்டி நுகர்வோர் உரிமையைப் பறிக்க முடியாது என்பதே அந்த வழக்கின் சாரம். கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் தலைமன்னார்க்காரருக்குச் சந்தியிலுள்ள சின்னக் கடைதானே திருத்துமிடம்!

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தியாவில், திரையில் பச்சைக் கோடு விழுந்த சில மாதிரிகளுக்கு வன்பிளஸ் நிறுவனம் 2023இல் ஆயுட்காலத் திரை உத்தரவாதம் அறிவித்தது. அப்டேட்டுக்குப் பிறகே கோடு விழுந்தது என்று அங்கே பலர் முறையிட்டிருந்தனர். 2025 ஜனவரியில் தன் அப்டேட்டால் பற்றரிக் கொள்ளளவு குறைந்த பிக்சல் 4ஏ போன்களுக்கு கூகிள் இலவச பற்றரி அல்லது பணம் என்று இறங்கிவந்தது. அந்தப் போன் 2020இல் வந்தது. மனம் இருந்தால் வாரன்டித் திகதி தடையில்லை.

இங்கே சட்டமே குறுக்கே நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருள் விற்கப்பட்டு அல்லது சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் வர வேண்டும். இரண்டாம் வருடத்தில் வரும் அப்டேட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? கோளாறு பிறக்குமுன்பே முறைப்பாட்டுக் காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே அப்டேட் அனுப்புவதையும் ஒரு ‘சேவை’ எனக் கொண்டு, அது போனில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்தைக் கணக்கிட வேண்டும் என்பதே சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை. சட்டத்தில் இடமில்லை என்றால் அதிகார சபை சட்டத் திருத்தத்தை அமைச்சுக்குப் பரிந்துரைக்கட்டும்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்பது வேறு. 2025 ஜனவரி இறுதியிலிருந்து பதிவற்ற புதிய போன்கள் நாட்டின் வலையமைப்பில் இயங்காது என அது அறிவித்தது; ஐ.எம்.ஈ.ஐ இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்துத்தான் மக்கள் வாங்குகிறார்கள். வாசலில் இவ்வளவு கண்டிப்புக் காட்டும் ஆணைக்குழு, இறக்குமதியாளருக்கு வழங்கும் உரிமத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: அப்டேட்டால் பழுதான போனைப் பழைய மென்பொருளுக்கு மாற்றித் தருவது அல்லது இலவசமாகத் திருத்துவது இறக்குமதி முகவரின் கடமை. வேறொரு நாட்டில் ஒரு மாதிரிக்கு அறிவித்த நிவாரணம் இலங்கையில் விற்ற அதே மாதிரிக்கும் கிடைக்க வேண்டும்.

முகவர்களையும் அதிகாரிகளையும் ஒரே மேசையில் இருத்தும் நடமாடும் சேவையை மன்னார் மாவட்டச் செயலகத்திலும் பேசாலையிலும் நடத்தும்படி மாவட்டச் செயலாளரைச் சங்கம் கேட்கிறது. போனை ஒப்படைக்கும்போது தரும் பற்றுச்சீட்டில் கோளாறின் காரணம் தமிழில் எழுதப்பட வேண்டும். காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் எந்த முறைப்பாடும் நிற்காது.

இம்மனுவுக்கு அதிகார சபையும் ஆணைக்குழுவும் தனித்தனியே தமிழில் எழுத்து மூலம் பதில் தருமாறும், சங்கப் பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு திகதி குறிக்குமாறும் தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.