வெளுத்த பவளத்துக்குச் சாயம் ஏற்ற முடியுமா?

“சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கல் பவளங்கள் வளர்க்கிறான். ஊதாவும் பச்சையுமாக இருந்தவை ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டன. ஒன்று மட்டும் காபித்தூள் நிறத்துக்கு மாறிவிட்டது. மறுபடியும் நிறம் வருமா? அதை வீடியோவில் பார்த்த என் மகள், நம் வீட்டிலும் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வைக்கலாமா?”

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தம்பிக்கான பதில்: வரும், பொறுமை வேண்டும். மகளுக்கான பதில்: கல் பவளம் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

தறிச் சத்தத்தில் வளர்ந்த உங்களுக்கு நூலில் நிறம் ஏறும் கதை தெரியும். சாயத்தில் முக்கினால் நூல் நிறத்தை வாங்கிக்கொள்ளும். பவளத்துக்கு அப்படி வெளியிலிருந்து நிறம் ஏற்ற முடியாது.

பவளம் பாறை போலத் தெரிந்தாலும் அது உயிருள்ள பிராணி. சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்து, பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடும். வாடகைக்குப் பதில் சாப்பாடு!

பாசியின் நிறம் பழுப்பு. ஊதா, பச்சை, இளஞ்சிவப்பு எல்லாம் பவளம் தானே உண்டாக்கும் நிறமிகள். தண்ணீரில் கழிவுச் சத்து கூடினால் பாசி பெருகி மற்ற நிறங்களை மறைத்துவிடும். அதுதான் காபித்தூள் நிறம். சூடோ வெளிச்சமோ அளவு மீறினால், பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது கண்ணாடி போன்ற சதை வழியாக வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும்.

வெளுத்த பவளம் செத்துப்போனது அல்ல, பட்டினி கிடக்கிறது. கிளையின் மேல் பச்சை நூல் போலப் பாசி படர்ந்துவிட்டால்தான் அந்த இடம் போய்விட்டது என்று அர்த்தம்.

தம்பி செய்ய வேண்டியது

முதலில் தெர்மாமீட்டர். தண்ணீர் 25 முதல் 26 டிகிரி செல்சியஸில் நிலையாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வெக்கையில் பகலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு வேலைக்குப் போனால் தொட்டி சூடேறிவிடும். அதற்கென்றே உள்ள சில்லர் கருவி அவசியம்.

அடுத்து உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 35 கிராம். ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றினால் உப்பு ஏறாது.

மூன்றாவது வெளிச்சம். நோயாளியை வெயிலில் உட்கார வைப்போமா? விளக்கின் அளவைக் குறைத்துவிட்டு, சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

நான்காவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். கூடினால் பழுப்பு, அடியோடு துடைத்துவிட்டாலும் பவளம் வெளிறும். நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றலாம். விளக்கணைந்த பிறகு பவளங்கள் கைகளை நீட்டும். அப்போது நுண்ணிய மிதவை உயிர் உணவைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

முக்கியமானது, எதையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. ‘நிறம் கூட்டும்’ புட்டிகளை வரிசையாக வாங்கி ஊற்றுவதைவிட, இரண்டு மாதம் ஒரே மாதிரி பார்த்துக்கொள்வது நல்லது. குடி போன பாசி திரும்பி வர வாரங்கள் ஆகும், பழைய நிறம் வரப் பல மாதங்கள் ஆகும்.

மகளுக்கு ஏன் வேண்டாம்?

இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே பட்டியல்! கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ‘சின்னத் துண்டுதான்’ என்று யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

இவ்வளவு கடுமை ஏன்? ராமேஸ்வரம் பக்கம் போனால், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரை உற்றுப் பாருங்கள். அந்தக் கற்களில் பவளத்தின் துளைகள் தெரியும். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஒரு காலத்தில் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அந்தப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளத்தை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த சுவர் போனால் மணல் எத்தனை நாள் நிற்கும்?

வெட்டுவது நின்றாலும் சூடு விடவில்லை. 2010, 2016 கோடைகளில் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2024-இல் உலகம் முழுவதும் வெளுத்தபோது மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. தொட்டிக்குச் சில்லர் வைக்கலாம், கடலுக்கு வைக்க முடியுமா?

ஆனால் கடலிலும் வைத்தியம் நடக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவள நாற்று நடுகிறார்கள். ஆரோக்கியமான பவளத்தின் சிறு துண்டுகளைச் சிமென்ட் பலகையில் கட்டி, முக்குளித்துப் போய்ச் சேதமான இடத்தில் வைத்து, வளர்கிறதா என்று தொடர்ந்து பார்க்கிறார்கள். வேகமாக வளரும் கிளைப் பவளங்கள் இதற்குத் தோதானவை.

உங்கள் மகளுக்குக் கடல்தொட்டிதான் ஆசை என்றால், பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன் இருக்கிறது. நம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமே அதற்கு முறை கண்டிருக்கிறது. பவளம் இல்லாமலும் அது நன்றாக வாழும். கரண்ட் போனால் காற்றுக் குழாய் ஓட ஒரு பேட்டரி மட்டும் வாங்கி வையுங்கள். முதல்முறை என்றால் நன்னீர் மீனிலிருந்து தொடங்கலாம். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தை உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

ஒரே இடத்தில், ஒரே சூட்டில், யாரும் தொடாமல் இருக்க விட்டால் பவளம் தன் நிறத்தைத் தானே தேடிக்கொள்ளும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். மகளுக்கும் புரியும்.